பூசணிக்காய் எழுதிக்கொண்டிருந்த வேளையில்

இந்த விவகாரம் தொடங்குவதற்கு முன் என் நிலை என்னவாக இருந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பிறகு நடந்தவற்றைப் பற்றிப் பலரும் தத்தம் விருப்பப்படி பேசிவிட்டார்கள். அதற்கு முன்பிருந்ததைச் சொல்லும் உரிமையாவது என்னிடம் இருக்கட்டும்.

சென்னையில் கல்லூரிப் படிப்பு. பொருளாதாரத்தில் பட்டம், அதன்மேல் தொழிலாளர் சட்டத்தில் பட்டயம். பணிக்காலம் முழுவதும் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையின் ஆலைகளில் பணியாளர் துறை. ஓய்வு பெற்றபோது துறைத் தலைவர். திருவள்ளூரில் நாங்கள் குடியிருக்கும் தெருவில் என்னை எவரும் பெயர் சொல்லி அழைப்பதில்லை; ‘ஆபீசர் ஐயா’ என்பதே வழக்கம். வாடகைத் தகராறானாலும் பாகப்பிரிவினையானாலும் வழக்கறிஞரிடம் போவதற்கு முன் என்னிடம் ஒருமுறை வந்து கேட்டுவிட்டுப் போவார்கள்.

ஓய்வுக்குப் பின் நான் ஏற்றுக்கொண்ட ஒரே வேலை உள்விசாரணை நடத்துவது. ஒரு தொழிலாளியின் மேல் ஆலை நிர்வாகம் குற்றம் சாட்டினால், தண்டிப்பதற்கு முன் முறைப்படி விசாரித்தாக வேண்டும். வெளியாள் ஒருவர் நீதிபதியைப் போல் நடுவில் அமர்ந்து இரு தரப்பையும் கேட்டு, குற்றம் நிரூபணமானதா இல்லையா என்று எழுதித் தருவார். அந்த அறிக்கையின் மேல்தான் ஒருவருடைய வேலை நிற்கும் அல்லது போகும். நான் எழுதிய அறிக்கைகளால் வேலை இழந்தவர்கள் உண்டு. வேலைக்குத் திரும்பியவர்களும் உண்டு. என்னை நல்ல மனிதன் என்று எந்தத் தரப்பும் சொன்னதில்லை. ஒரு பக்கம் சாய்ந்தவன் என்றும் எந்தத் தரப்பும் சொன்னதில்லை. இரண்டாவது எனக்குப் போதுமானதாக இருந்தது.

அதற்காகச் சில ஒழுங்குகளை வைத்திருந்தேன். ஆலை அனுப்பும் காரில் ஏறமாட்டேன். திருவள்ளூரில் மின்சார ரயில் ஏறி, பேசின் பிரிட்ஜில் இறங்கிக் கும்மிடிப்பூண்டி வண்டிக்கு மாறி, நிலையத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் போவேன். ஆலையின் காப்பியைக் குடிக்கமாட்டேன். விசாரணை தொடங்குமுன் அறையில் இருக்கும் அனைவரும் தங்கள் கைப்பேசிகளைச் சுவரோரம் இருக்கும் கேன்டீன் தட்டில் வைத்துவிட வேண்டும். முதலில் வைப்பது நான். இடைவேளையில்தான் எடுக்கலாம்.

இனி வழக்குக்கு வருகிறேன்.

அது இரும்பைக் கம்பியாக உருட்டும் ஆலை. ஆயுத பூஜையன்று வழக்கம்போல் இயந்திரங்களைக் கழுவிச் சந்தனம் வைத்துப் பொரி கடலை வழங்கி, கடைசியில் வாயிலில் குங்குமம் தடவிய பூசணிக்காயை உடைத்திருக்கிறார்கள். ஆலைத் தலைவர் புதிய தோல் காலணிகளுடன் முன்னால் நடந்து வந்தவர், உடைந்த பூசணித் துண்டொன்றில் கால் வைத்து, மொத்த ஆலையும் பார்த்திருக்க மல்லாந்து விழுந்துவிட்டார். எவரும் சிரிக்கவில்லையாம். அப்படி அடக்கிய சிரிப்பு எங்கே போகும்? அன்று மாலையே அந்தக் காட்சி, நாதஸ்வர இசையுடனும் மெதுவாக்கிய வேகத்திலும், இணையத்தில் ஒரு மன்றத்தில் வந்துவிட்டது. பதிவிட்டவர் தனக்கு வைத்துக்கொண்ட பெயர் ‘பூசணிக்காய்’.

தொழிற்பேட்டையில் வேலை செய்பவர்கள் பெயர், ஊர், ஆலை எதையும் சொல்லாமல் எழுதும் மன்றம் அது. பூசணிக்காய் அன்றோடு நிற்கவில்லை. மேலாளர்களின் பேச்சு, கேன்டீன் சாம்பார், ஷிப்ட் பேருந்து என்று நாள்தோறும் ஒன்றைப் போட்டுப் பேட்டை முழுவதையும் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தார். நிர்வாகம் அறிவிப்புப் பலகையில் ஓர் ஆணையை ஒட்டியது: அந்த மன்றத்தில் உறுப்பினராக இருப்பதும் அதைப் பார்ப்பதும் ஒழுங்கீனம்.

பிறகு இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் பிட்டர் ஒருவரைத் தற்காலிகப் பணிநீக்கம் செய்தார்கள். முப்பது வயதை ஒட்டியவர். அந்தக் காட்சி எடுக்கப்பட்ட கோணத்தில் நின்றவர்களில் கையில் கைப்பேசி வைத்திருந்தவர் இவர் ஒருவரே என்று வாயிற்காவலர் ஒருவர் எழுதித் தந்திருந்தார். குற்றச்சாட்டுகள் இரண்டு. முதலாவது, பூசணிக்காய் என்பவர் இவரே. இரண்டாவது, ஆணையை மீறி அந்த மன்றத்தில் உறுப்பினராக இருக்கிறார். இரண்டாவதற்கு எச்சரிக்கையோடு விடலாம். முதலாவது நிரூபணமானால் வேலை போய்விடும். விசாரணை அதிகாரியாக என்னை நியமித்தார்கள்.

குற்றப் பத்திரிகையைப் படித்தேன். ‘ட்ரோல்’ என்றிருந்தது, ‘மீம்’ என்றிருந்தது. ஒரு தொழிலைப் பற்றித் தெரியாமல் அதில் நடந்த தவற்றை விசாரிக்கக் கூடாது என்பது என் கொள்கை. உலைக்களத்தில் நடந்த திருட்டை விசாரித்தபோது முதலில் உலைக்களத்தைச் சுற்றிப் பார்த்தவன் நான். ஆகவே அந்த மன்றத்தில் நானும் உறுப்பினரானேன். பெயர் கேட்டது. ‘நடுநிலையாளன்’ என்று கொடுத்தேன்.

“ஏங்க, இதெல்லாம் நமக்கு எதுக்கு?” என்றாள் என் மனைவி, தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டு. “பேரு கூட பொய்யாத்தான் குடுக்கணுமா?”

“பொய்ப் பெயர் இல்லை. புனைபெயர்.”

“இன்னும் கொஞ்ச நாள்ல மீசை முறுக்கிக்கினு மீம் போடுவீங்க” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அங்கே நான் கண்டதை ஒளிவின்றி எழுதுகிறேன். வாயிலில் கைகட்டி ‘வணக்கம் சார்’ என்று நிற்பவர்கள் அங்கே வேறு மனிதர்களாக இருந்தார்கள். ‘நைட் ஷிப்ட் நாய்’, ‘ஓட்டை ஹெல்மெட்’, ‘தண்ணி சாம்பார்’ என்றெல்லாம் பெயர்கள். ஒருவர் தன் மேற்பார்வையாளரின் நடையைக் கிண்டல் செய்வார். அடுத்தவர் அந்த நடைக்கு ஒரு பாட்டுச் சேர்ப்பார். மூன்றாமவர் இருவரையும் கிண்டல் செய்வார். எவருக்கும் எவரிடமும் இரக்கமில்லை. தகப்பனார் இறந்ததற்கு விடுப்புக் கிடைக்கவில்லை என்று ஒருவர் அழுது எழுதியிருந்தார். அதற்குக் கீழே முதல் பதிலே, ‘போன வருஷமும் இதே அப்பாதான செத்தாரு?’ என்றிருந்தது. அதற்கும் கீழே படித்துக்கொண்டே போனால், அதே கிண்டல்காரர் விடுப்பு விதியைத் தெளிவாக எடுத்துச் சொல்லி, எந்த அதிகாரியிடம் எப்படிப் பேச வேண்டும் என்றும் சொல்லிக்கொடுத்திருந்தார். இந்தக் கூட்டத்தை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அருவருப்பாக இருந்தது, ஆயினும் கைப்பேசியைக் கீழே வைக்க முடியவில்லை.

படிப்பதோடு நான் நின்றிருக்கலாம். ஒருவர் கேட்டிருந்தார்: விசாரணைக்குப் போகும்போது துணைக்கு ஆள் வைத்துக்கொள்ளலாமா? ‘முடியவே முடியாது’ என்று நாலைந்து பேர் அடித்துச் சொல்லியிருந்தார்கள். தவறான சட்டம் கண்முன் கிடக்கும்போது அதைத் தாண்டிப் போவது எனக்கு வராது. ‘உடன் பணிபுரியும் தொழிலாளி ஒருவரை உதவியாளராக அமர்த்திக்கொள்ள விசாரணை அதிகாரியிடம் அனுமதி கோரலாம். நியாயமான விசாரணைக்கு அது இன்றியமையாதது’ என்று எழுதினேன்.

உடனே வந்து விழுந்தன.

‘பெர்சு, நீ எந்தக் கம்பெனி எச்.ஆரு?’

‘இவுரு சொல்றத புரிஞ்சிக்கவே தனியா ஒரு வக்கீல் வெக்கணும் போலகீது.’

‘இன்றியமையாததாம்டா! நைனா, நாஷ்டா துன்னியா இல்லியா?’

விசாரணை தொடங்கும் நாளுக்கு முந்தின மாலை, பூசணிக்காய் என்னைக் கண்டுகொண்டார். நடுநிலையாளனை அல்ல, விசாரணை அதிகாரியாகிய என்னை. பழைய மாணவர் சங்கத்தில் எனக்குப் பொன்னாடை போர்த்திய படம் ஒன்றை எங்கிருந்தோ எடுத்து, புதிதாகக் கட்டும் வீடுகளில் மாட்டுவார்களே, நாக்கைத் துருத்திய திருஷ்டிப் படம், அதன் உடலில் என் முகத்தை ஒட்டியிருந்தார். கண்களைப் பெரிதாக்கியிருந்தார். மீசையை மாற்றத் தேவைப்படவில்லை போலும். ‘புது ஊடு கட்றவங்க ஆர்டர் குடுங்க. ஒரு தபா மாட்னா எந்தக் கண்ணும் படாது’ என்று கீழே எழுதியிருந்தது. அதற்கு விழுந்த சிரிப்புகளை எண்ணுவதை நிறுத்திக்கொண்டேன்.

மனைவியிடம் காட்டவில்லை. விலகிவிடலாமா என்று யோசித்தேன். ஆனால் கேலிக்கெல்லாம் அதிகாரி விலகினால், நாளை எவனும் ஒரு படம் போட்டே தனக்கு வேண்டாத அதிகாரியை மாற்றிவிடலாம். ஆகவே மறுநாள் வழக்கமான வண்டியிலேயே போனேன். வாயிற்காவலர்கள் மூவரும் என்னைக் கண்டதும் வருகைப் பதிவேட்டின் மேல் குனிந்துகொண்டார்கள்.

விசாரணை அறை, நேரக் கண்காணிப்பு அலுவலகத்தைப் பிளைவுட் தடுப்பால் பிரித்து உண்டாக்கியது. தடுப்புக்கு அந்தப் பக்கம் ஆட்கள் வருவதும் போவதும் கேட்கும். நாங்கள் பேசுவதும் அவர்களுக்குக் கேட்கும். இந்தப் பக்கம் நாங்கள் ஐவர். நான், நிர்வாகத்துக்காக வழக்கை நடத்தும் மனிதவளத் துறைப் பெண் அதிகாரி, குற்றம் சாட்டப்பட்ட பிட்டர், அவருக்கு உதவியாளராக வந்திருந்த மூத்த தொழிலாளி, தட்டச்சு செய்யும் பெண். ஐந்து கைப்பேசிகளும் தட்டில் இருந்தன.

உதவியாளர் மன்றத்தின் பேச்சையே நேரில் பேசுகிறவர்.

“சார், ஒரு விஷயம். இவன் ஊட்ல பர்மனென்ட்டுன்னு ஒர்த்தன் இருக்கான்னா அது இவன்தான். அண்ணன் கான்ட்ராக்ட்டு, தம்பி கான்ட்ராக்ட்டு, மச்சானும் கான்ட்ராக்ட்டு. இவன தூக்கிட்டீங்கன்னா அந்தக் குடும்பத்துல கேட்டுக்குள்ள ஐடி கார்டோட நொழையறவன் ஒர்த்தன் கெடையாது.”

“அது குற்றச்சாட்டுக்குச் சம்பந்தமில்லாதது” என்றேன்.

“இல்லதான் சார். சொம்மா காதுல போட்டு வெச்சேன்.”

பிட்டர் பேசாதவர். கேட்டதற்கு மட்டும் பதில். பூசணிக்காய் நீங்கள்தானா என்ற கேள்விக்கு, “இல்ல சார்” என்றார். மன்றத்தில் உறுப்பினரா என்பதற்கு, “பாப்பேன் சார். எல்லாரும் பாப்பாங்க” என்றார். தட்டச்சுப் பெண்ணின் விரல்கள் ஒரு கணம் நின்று பிறகு ஓடின.

இரண்டாம் அமர்வில்தான் அது நடந்தது. பெண் அதிகாரி வாயிற்காவலரை விசாரித்துக்கொண்டிருந்தார். கேள்வி கேட்பதற்குப் பதிலாக, நிறுவனம் தொழிலாளர்களுக்குச் செய்திருக்கும் நன்மைகளை அடுக்கத் தொடங்கினார். நான் இடைமறித்து, “அம்மா, கேள்வி கேளுங்கள். பிரசங்கம் வேண்டாம்” என்றேன். அவர் முகம் சிவந்துவிட்டது. உதவியாளர் மேசைக்கடியில் குனிந்து எதையோ தேடினார். அதன் பிறகும் விசாரணை நெடுநேரம் நடந்து, தேநீர் இடைவேளைக்கு ஒத்திவைத்தேன். அதுவரை எவரும் அறையை விட்டு எழுந்திருக்கவில்லை.

அவரவர் கைப்பேசியை எடுத்துக்கொண்டோம். நானும் பிளாஸ்க்கிலிருந்து காப்பியை ஊற்றிக்கொண்டு மன்றத்தைத் திறந்தேன்.

பூசணிக்காய் எழுதியிருந்தார்: ‘சுடச்சுட! திருஷ்டித் தாத்தா மேடத்தப் பாத்து கேள்வி கேளுங்க, பிரசங்கம் வேண்டாம்னாரு. மேடம் மூஞ்சி பூசணிக்கா வெட்டுன மாதிரி செகப்பாயிடுச்சாம்.’

பதிவிட்ட நேரத்தைப் பார்த்தேன். நாங்கள் உள்ளே அமர்ந்திருந்த நேரம். பிட்டர் என் எதிரே, கைக்கெட்டும் தூரத்தில், இரு கைகளையும் மேசைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நேரம். அவருடைய கைப்பேசி தட்டில் இருந்தது. முன்கூட்டியே எழுதி வைத்திருக்கவும் முடியாது. நான் அந்த வார்த்தைகளைச் சொல்லப் போகிறேன் என்று எனக்கே முன்னால் தெரியாது. தடுப்புக்கு அப்பாலிருந்து யாரோ கேட்டு எழுதியிருக்கிறார்கள். யார் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

தலையை நிமிர்த்தினேன். உதவியாளர் சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டிருந்தார். பெண் அதிகாரி கைப்பேசியைக் கவிழ்த்து மேசைமேல் வைத்தார். அவர் முகம் மறுபடியும் சிவந்திருந்தது. பிட்டர் திரையைப் பார்த்தபடி இருந்தார். பிறகு என்னைப் பார்த்தார். தன் வேலையைக் காப்பாற்றும் சாட்சியம் தன் கையிலேயே இருப்பது அவருக்குப் புரிந்துவிட்டது. அதை அவரால் சொல்ல முடியாது என்பதும்.

ஏனென்றால், ‘பார்த்தேன்’ என்று சொல்வதே அங்கே குற்றம். உதவியாளர் சொன்னால் அவருக்கும் நாளை குற்றப் பத்திரிகை வரும். பிட்டர் சொன்னால், விசாரணை நடக்கும்போதே மன்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று அவர் மேல் மூன்றாவது குற்றச்சாட்டு எழுதுவார்கள்; ஆணையை மறுபடி மீறியதாக அதற்கே வேலை போகலாம். பெண் அதிகாரி சொல்லப் போவதில்லை. அறையிலிருந்த அத்தனை பேரும் பார்த்துவிட்டோம். எவரும் பார்த்ததாகச் சொல்ல முடியாது. நான் ஆலையின் ஊழியன் அல்லன். அந்த ஆணை என்னைக் கட்டுப்படுத்தாது. ஆனால் விசாரணை அதிகாரி தான் தனியாகக் கண்டதையும் கேட்டதையும் வைத்துத் தீர்ப்பு எழுதக் கூடாது. இரு தரப்பும் பதிவில் வைத்ததை மட்டுமே பார்க்க வேண்டும். என் பெயர் நின்றதே அந்த விதியின் மேல்தான்.

இடைவேளை முடிந்து மறுபடி அமர்ந்ததும், “புதிதாக எதையேனும் பதிவில் வைக்க விரும்புகிறீர்களா?” என்று குற்றம் சாட்டப்பட்ட தரப்பைக் கேட்டேன்.

உதவியாளர் முந்திக்கொண்டார். “இன்னா சார் சொல்றது? சொன்னா நோட்டீசு. சொல்லாட்டி டிஸ்மிஸ்ஸு.”

“எதைச் சொன்னால்?”

“அதான் சார் பேஜாரு. எதுன்னு சொன்னாலே சொன்ன மாதிரி ஆயிடுமே.”

“சார், இது விசாரணையா விடுகதையா?” என்றார் பெண் அதிகாரி.

நான் பிட்டரை நேராகப் பார்த்து, “உங்களுக்கு ஏதேனும் சொல்ல இருக்கிறதா?” என்றேன்.

அவர் தட்டிலிருந்த தன் கைப்பேசியை ஒருமுறை பார்த்தார். “இல்ல சார்.”

‘ஏதுமில்லை’ என்று தட்டச்சு செய்யச் சொன்னேன். இரு தரப்பும் சாட்சியங்களை முடித்துக்கொண்டன. இறுதி வாதத்துக்கு அடுத்த வாரம் என்று ஒத்திவைத்து வெளியே வந்தேன். பின்னாலேயே உதவியாளர் வந்தார். ஆட்டோ நின்ற இடத்தில் மெல்லச் சொன்னார்: “பாத்தீங்கல்ல சார்?”

“நான் விசாரணை அதிகாரி. என்னிடம் தனியாகப் பேசக் கூடாது.”

“கரெக்டு சார். நான் பேசல. நீங்களும் பாக்கல. அவன் ஊட்டுக்குப் போவட்டும்.” அவர் முகத்தில் அப்போது கேலி இல்லை.

பேசின் பிரிட்ஜில் வண்டி மாறும்போது இரண்டு வண்டிகளைத் தவற விட்டேன். பதிவில் இருப்பதை மட்டும் வைத்து எழுதினால் காவலரின் சாட்சியம் நிற்கும். குற்றம் நிரூபணம் என்றுதான் எழுத வேண்டியிருக்கும். அப்படி எழுதினால் என் விதி பிழைக்கும். அந்த மனிதர் பொய்யாக வேலை இழப்பார். நிரூபணமாகவில்லை என்று எழுதினால் காரணம் கேட்பார்கள். பதிவில் இல்லாத காரணத்தை நான் எழுத முடியாது. நடுவில் அமர்ந்திருக்கும்வரை எனக்கு வழி இல்லை. அந்த நாற்காலியை விட்டு எழுந்தால் மட்டுமே நான் கண்டதைச் சொல்லலாம். ஆனால் எழுந்தால், நடுநிலையாளன் என்ற பெயரையும், திருஷ்டிப் படத்தையும், நான் நாள்தோறும் அதைப் பார்த்துக்கொண்டிருந்ததையும் எல்லார் முன்னிலையிலும் சொல்ல வேண்டும்.

வீட்டில் அன்று மனைவியிடம் படத்தைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தாள். சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன், சிரிக்கவில்லை.

“இத வெளிய சொல்லித்தான் ஆகணுமா?”

“ஆக வேண்டும்.”

“தெருவுல நாளைக்கு நான் தலை காட்ட வேணாமா?”

மறுநாள் காலை விலகல் கடிதத்தை அனுப்பினேன். இந்த வழக்கில் எனக்கு நேரடியாகத் தெரிந்த ஓர் உண்மை இருப்பதால் விசாரணை அதிகாரியாக நீடிக்க இயலாது. என்னைச் சாட்சியாக அழைக்கலாம். இவ்வளவே அதில் இருந்தது. படியொன்றைக் குற்றம் சாட்டப்பட்ட தரப்புக்கும் அனுப்பினேன். நிர்வாகத்துக்கு அனுப்பும் எதையும் எதிர்த்தரப்புக்கும் அனுப்புவது என் வழக்கம்.

பெண் அதிகாரி தொலைபேசியில் அழைத்தார். குரல் பணிவாக இருந்தது. “சார், ஏன் சார் இவ்ளோ பெருசு பண்றீங்க? ரிப்போர்ட்ட மட்டும் எழுதிக் குடுத்துடுங்க. பதிவுல என்ன இருக்கோ அது போதும். நீங்களே எங்களுக்குச் சொல்லிக் குடுத்ததுதானே?”

“ஆம். நான்தான் சொல்லிக்கொடுத்தேன்” என்றேன்.

“அப்ப யோசிங்க சார். இது வெளிய வந்தா எங்களுக்கு ஒண்ணும் இல்ல. உங்க பேருதான்.”

அவர் என்னை மிரட்டினார் என்று நான் சொல்லமாட்டேன். உள்ளதைச் சொன்னார்.

புதிய விசாரணை அதிகாரி சென்னையிலிருந்து வந்த வழக்கறிஞர். என்னைவிட வெகு இளையவர். பிட்டர் தரப்பு என்னைச் சாட்சியாக அழைத்தது. எத்தனையோ முறை நடுவில் அமர்ந்த அதே அறையில், சாட்சிகளுக்குப் போடும் கைப்பிடியில்லாத நாற்காலியில் உட்கார்ந்தேன். பதிவிட்ட நேரத்தைக் காட்டினேன். அதன் வாசகத்தைப் படிக்கச் சொன்னார்கள். ‘திருஷ்டித் தாத்தா’ என்று என் வாயால் படித்தேன். அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று கேட்டார்கள். படத்தைக் காட்டினேன். புதிய விசாரணை அதிகாரி வாங்கிப் பார்த்து, முகத்தை மிகவும் முயன்று இறுக்கி வைத்துக்கொண்டு, அடுத்தவரிடம் கொடுத்தார். அறையைச் சுற்றிவிட்டு அது என்னிடம் திரும்பி வந்தது. தடுப்புக்கு அப்பால் ஒரு சத்தமும் இல்லை. அத்தனை பேரும் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்பது அந்த அமைதியிலேயே தெரிந்தது.

பெண் அதிகாரி குறுக்கு விசாரணைக்கு எழுந்தார்.

“அந்த மன்றத்துல உங்க பேர் என்ன சார்?”

“நடுநிலையாளன்.”

“நீங்களே வெச்சதா?”

“நானே வைத்தது.”

“விசாரணைக்குத் துணை ஆள் வெச்சுக்கலாம்னு தொழிலாளிக்கு ஆலோசனை சொல்லியிருக்கீங்க. விசாரணை அதிகாரியா இருந்துக்கிட்டே.”

“கேட்டவர் யார் என்று எனக்குத் தெரியாது. சட்டத்தைச் சொன்னேன். அதே வாசகம் உங்கள் ஒப்புதலோடு நான் அனுப்பிய விசாரணை அறிவிப்பிலும் இருக்கிறது.”

“உங்கள இவ்ளோ கேவலப்படுத்தின இடத்த தினமும் போய்ப் பார்த்திருக்கீங்க. எதுக்கு சார்?”

தெரிந்துகொள்வதற்காக என்று சொல்லியிருக்கலாம். முதல் இரண்டு நாட்களுக்கு அது உண்மை.

“மற்றவர்கள் எதற்காகப் பார்க்கிறார்களோ, அதற்காகத்தான்” என்றேன்.

“அந்தக் கணக்க வேற யாராவது இவருக்காக இயக்கியிருக்கலாம் இல்லையா?”

“இருக்கலாம். அதை நிரூபிக்க வேண்டியவர்கள் குற்றம் சாட்டியவர்கள்.”

“சாட்சி வாதம் செய்ய வேண்டாம்” என்றார் இளைய அதிகாரி. அவர் சொன்னது முறைதான். தலையசைத்தேன். என் பெயரையும் புனைபெயரையும் சேர்த்துத் தட்டச்சு செய்த தாளில் ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்திட்டுவிட்டு வெளியே வந்தேன். பிட்டர் எழுந்து நின்றார். ஏதோ சொல்ல வந்தார். நான் நிற்கவில்லை.

முதல் குற்றச்சாட்டு நிரூபணமாகவில்லை என்றும் இரண்டாவது நிரூபணமானது என்றும் அறிக்கை வந்தது. அவருக்கு எழுத்துப்பூர்வமான எச்சரிக்கை கொடுத்து வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். அந்தத் தொழிற்பேட்டையிலிருந்து அதன் பிறகு என்னை எந்த ஆலையும் விசாரணைக்கு அழைக்கவில்லை. வேண்டாம் என்றும் எவரும் சொல்லவில்லை, அழைக்கவில்லை, அவ்வளவே. தெருவில் இன்னமும் ‘ஆபீசர் ஐயா’ என்கிறார்கள். அதைச் சொல்லும்போது சில வாய்கள் ஓரத்தில் நெளிகின்றன.

பிட்டர் வேலைக்குத் திரும்பிய அன்று பூசணிக்காய் மன்றத்தில் எழுதினார்: ‘இனிமே மறைக்க ஒண்ணும் இல்ல. நான்தாம்பா அந்தத் தாத்தா. ரிட்டையர்டு ஆயி பொழுது போவல. மன்னிச்சிக்கினு லைக் போடுங்க.’ வேடிக்கைக்காக எழுதியதுதான். ஆயினும் படித்தவர்களில் பாதிப் பேர் நம்பிவிட்டார்கள். திருவள்ளூர் நிலையத்தில் என்னோடு வழக்கமாகப் பயணம் செய்யும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் என் கையைப் பற்றிக்கொண்டு, “இருந்தாலும் அந்த நாதஸ்வர வீடியோ பிரமாதம் சார்” என்றார். அதனால்தான் இதை எழுத நேர்ந்தது.

நிர்வாகம் என்னை நீக்கவில்லை; நான் விலகினேன். கடிதம் அவர்களிடம் இருக்கிறது. அந்தப் பிட்டர் எனக்கு உறவினர் அல்லர். விசாரணைக்கு முன் அவரை நான் பார்த்ததில்லை, பின்னரும் பார்க்கவில்லை. அவர் பழத்தட்டுடன் என் வீட்டுக்கு வந்து காலில் விழுந்ததாகச் சொல்வது கட்டுக்கதை. சாட்சி நாற்காலியில் நான் அழவில்லை. பூசணிக்காய் நான் அல்லன்.